எட்டு மீட்டருக்கும் விடாத ரங்கசாமி அண்ணன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். ரங்கசாமி அண்ணன் இன்று கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

பத்து நிமிடத்தில் அவர் மகள் போன். "அக்கா, அப்பா எந்திரிக்கலீங்க..."

தூக்கத்திலேயே போய்விட்டார்.

தெரியாதவர்களுக்கு... அண்ணன் கருமத்தம்பட்டியில் தறி மெக்கானிக். எனக்கு உறவு இல்லை. இருபது வருடமாக டிராக் ரேஸ் பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கத்து இருக்கை, அவ்வளவுதான்.

நேர் ரோட்டில் இரண்டு பைக், யார் முதலில் கோட்டைத் தாண்டுவது என்று. 402 மீட்டர், அதாவது கால் மைல். அதில் ஓர் அடி குறைந்தாலும் அவருக்கு அது ரேஸ் இல்லை.

வெளிநாட்டில் ஒருவர் இறந்த பிறகு பெரிய வண்டிகளுக்கு ஆயிரம் அடியாக, சுமார் 305 மீட்டராக, குறைத்தார்களே, அன்றிலிருந்து அந்த வீடியோக்களையே பார்க்க மாட்டார். "கண்ணாலத்துக்குப் போயிட்டு கை நனைக்காம வர்ற மாதிரிங்க அம்மணி."

நானும் அவர் கட்சிதான். முதல் இருநூறு மீட்டரில் யாரும் முந்தலாம். யார் இன்ஜின் நின்று பேசும் என்பது கடைசி நூறில்தான் தெரியும்.

ரேஸுக்கு முன்னால் பாதையை நடந்து எண்ணுவார். ஒருமுறை பதினோரு தப்படி குறைந்தது. அளக்கிற டேப் கிழிந்து, அதை ஒட்டியதில் நடுவே ஒரு மீட்டர் காணாமல் போயிருக்கிறது. அதை எட்டு முறை வைத்து அளந்ததில் எட்டு மீட்டர் போச்சு. விடாமல் மறுபடி அளக்க வைத்தார்.

"ஏனுங்க, எட்டு மீட்டருக்கா எங்கள வெயில்ல வறுக்கறீங்க?" என்றார் பின்னால் ஒருவர்.

"எட்டு மீட்டர்ல செயிச்சவன் தோத்துருவானுங்க. நீங்க மோரு குடிங்க."

போன ரேஸில் ஒரு ரைடர் கோட்டைத் தாண்டி, வண்டி நிற்காமல், பாதை முடிவில் டயர் அடுக்கிய சுவரில் மோதினார். இடுப்பெலும்பு முறிந்தது.

"ப்ரேக் புடிக்கத் தெரியாதவன் ஏறப்படாதுங்க," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு மோர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் தனியாகப் போய் நடந்தேன். முடிவுக் கோட்டிலிருந்து டயர் சுவர் வரை. அந்தப் பக்கம் அவரும் எண்ணியதில்லை, நானும் எண்ணியதில்லை.

இருநூறு தப்படிகூட இல்லை. அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க அது போதாது. திரும்பவும் எண்ணினேன்.

அவரிடம் சொல்லவில்லை.

வண்டி நிற்க இடம் வேண்டும், இனி 300 மீட்டர்தான் என்று நாங்கள் இருவரும் உறுப்பினராக இருந்த ரேஸ் கிளப்பில் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. "நீங்க காலேஜ் படிச்சவுங்க, கொறைக்கப்படாதுன்னு நல்லாக் காட்டமா எழுதிப்போடுங்க அம்மணி," என்றார். எழுதினேன். காட்டமாகவே எழுதினேன்.

இன்று நாலு மணிக்கு அண்ணனை எடுக்கிறார்களாம். பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். கடிதம் பையில். என் கையெழுத்துக்குக் கீழே அவருக்காக விட்ட இடம்...

இன்று அவரை நேரில் பார்த்திருந்தால் அந்தத் தப்படிக் கணக்கைச் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அசதியாக இருக்கிறது.

போயிட்டு வாங்கண்ணா.

கிளப்பில் யாருக்கும் தெரியாது, வீட்டிலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போவதில்லை. முந்நூறுக்குக் கை தூக்கப்போகிறேன்.