படிக்கட்டில் ஒரு கித்தார்

ரங்கூன் அலோனில் எங்கள் மரவீட்டு மாடிக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கணவரின் நண்பர் வருவார். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். என் கணவர் சர்ச்சில் பிடில் வாசிப்பவர். நண்பர் கையில் கித்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஓர் இசைத்தட்டு இருவரையும் பிடித்துக்கொண்டது. மேளமில்லை, ஊதும் கருவியில்லை. ஒரு பிடிலும் ஒரு கித்தாரும் மட்டுமே ஜாஸ் வாசித்தன. ரங்கூனில் யாரும் அப்படி வாசித்து நாங்கள் கேட்டதில்லை. கிராமபோனின் வேகத்தைக் குறைத்து, துண்டு துண்டாகக் கேட்டுப் பழகினார்கள்.

மழைக்காலத்தில் நண்பருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்தேன். என் மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. மிஷன் பள்ளியில் சுகாதாரப் பாடம் படித்தவள் நான். என்ன நோய் என்று தெரியும். வீட்டுக்கு வருகிறவரை வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் குடித்த கோப்பையைக் கொதிக்கும் நீரில் போட்டேன். பார்த்துவிட்டாரோ என்று அன்று முழுக்கக் குமைந்தேன்.

பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு வாசலைத் தாண்டாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள வாய்யா, சாரல் அடிக்குது," என்றார் என் கணவர்.

"உன் பிடிலு கத்துறதுக்கு இதுவே ரொம்பக் கிட்டக்க," என்றவர் என்னைப் பார்த்தார். "பாப்பாவ அந்தாண்ட ரூம்ல படுக்கப் போடு தங்கச்சி. காத்து உள்ளதான் அடிக்குது."

நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு அப்படியேதான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அவர் பலகைப் படியில் காலால் தட்டுவதைக் கேட்டு இவர் உள்ளே வில்லை இழுப்பார். பிடில் தனியாக ஓடும் இடம் வரும்வரை அவர் இருமலை அடக்கி வைத்திருப்பார். அவர் இருமி முடிக்கட்டும் என்று என் கணவர் அந்த இடத்தை நீட்டி வாசிக்கத் தொடங்கினார். இசைத்தட்டில் அத்தனை நீளம் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவரை அடக்கம் செய்தோம்.

அடுத்த ஞாயிறு என் கணவர் கதவைத் திறந்து வைத்து, பழைய இடத்தில் நின்று வாசித்தார். கித்தாரின் முறை வந்ததும் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கால் மட்டும் மெதுவாகத் தட்டியது.

அந்த அமைதியில் உள்ளறையில் குழந்தை இருமியது.

"சளியா இருக்கும்," என்றார். பிடில் இன்னும் தோளிலேயே இருந்தது.

நான் உள்ளே ஓடினேன். நெற்றியைத் தொட்டேன்; கழுத்தைத் தொட்டேன். சுடுவது குழந்தையா, என் கையா என்று தெரியவில்லை.