ஏரி காய்ந்த வருஷத்து ரொட்டி

தப், தப், தப். கொண்டாப்பூர் சாலையோரம் ஒரு பெண் சோள ரொட்டி தட்டுகிறாள். ஆபீஸ், டிராபிக் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பத்து வயதுக்காரியாய் எங்கள் பழைய பாலாநகர் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நினைவில் ஓடிவிடுகிறேன்.

வருஷா வருஷம் எங்களுக்குத் தன் வயல் அரிசியைக் கொண்டுவந்து விற்கும் மல்லய்யா, அன்று சோள மூட்டையோடு நின்றார். "மழை ஏமாத்திடுச்சு சார். ஏரி காஞ்சு நெல்லே போடல. சோளம்தான் தாங்குச்சு" என்றார் தெலுங்கில். அப்பாவோ மூன்று வேளையும் சோறு கேட்கும் தஞ்சாவூர்க்காரர். அவர் வேண்டாமென்றால் அந்த வருஷம் மல்லய்யாவுக்கு விற்க வேறொன்றும் இல்லை.

"ருசி பாருங்க" என்று மாவுப் பொட்டலத்தை நீட்டினார். அம்மா தட்டிய ரொட்டியெல்லாம் விண்டுபோயிற்று.

"என்னடி, இந்தியா மேப்பா?" என்றார் அப்பா.

மல்லய்யா சிரித்துக்கொண்டே வெந்நீர் விட்டுப் பிசைந்து, தானே உட்கார்ந்து தட்டினார். உப்பிவந்த ரொட்டியை அப்பா வத்தக்குழம்பில் தோய்த்தார். ஒன்று. மூன்று. ஐந்து.

"சோறு போடட்டுமா?" என்று அம்மா சீண்டினாள்.

"பேசாம இன்னொண்ணு போடு!"

வீடே சிரித்தது. மூட்டையை உள்ளே இறக்கிவிட்டு மல்லய்யா சைக்கிளில் ஏறினார். "ஏரி நிரம்பட்டும் சார், அடுத்த வருஷம் அரிசிதான்."

"அரிசி கொண்டு வாங்க மல்லய்யா. சோளத்தையும் விட்டுடாதீங்க" என்றார் அப்பா.