பழைய விமானத்துக்குப் பெயிண்ட் தேடி: பாச்சாங் முதல் ஆயர் குரோ வரை

பழைய காருக்கு நிறம் தேடி அலைபவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் அலைந்தது ஒரு விமானத்துக்காக. தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவுக்கு வெளியே ஒரு சிறு விமானக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை என் கை தவறி, ஏணி சாய்ந்து, முப்பது வயதான விமானத்தின் வால் சிறகில் இடித்துவிட்டது. உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு விமானம் ஓட்டக் கற்கும் ஒரு மாணவி முதல்முறையாக அதைத் தனியாக ஓட்ட இருந்தாள். அதற்குள் பூசி மறைக்காவிட்டால் வேலை போய்விடும் என்று எனக்கு ஒரே உதறல்.

சனிக்கிழமை காலை 8.15க்குப் பாச்சாங் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். பின்னால் என் மனைவி வசந்தா. அவள் மடியில், துணியில் சுற்றிய சிறு எஞ்சின் மூடி. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபமாகக் கழற்ற முடிந்த துண்டு அது ஒன்றுதான். வீட்டில் ரவிக்கை தைப்பவள் அவள். லைனிங் துணி வாங்க வந்தாள். ஏணி விஷயத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை.

மலாக்கா டவுன் நாலு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். முதல் கடையில் கிரீம் நிற ஸ்பிரே டின், ஒன்பது வெள்ளி, அதாவது ஒன்பது ரிங்கிட். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தால் அச்சு அசல். வசந்தா மூடியையும் டின்னையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றாள்.

"என்னாங்க இது, ஒண்ணு பாலு, ஒண்ணு மோரு. கடைக்குள்ள பாத்து ரவிக்கை துணி வாங்குவாங்களா யாராச்சும்?"

ஒன்பது வெள்ளி தண்டம்.

அடுத்து ஆயர் குரோ, பதினோரு கிலோமீட்டர். கார் பெயிண்ட் கலந்து தரும் கடை. சனிக்கிழமை ஒரு மணி வரைதான். கடைக்கார பாய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்பக்கம் பாக்காத தம்பி. வெயில் பட்ட பக்கம்தான் கணக்கு." அவர் கலக்க, வசந்தா வெளியே ஓடிப்போய்ப் பார்க்க, மூன்று நடை. "இன்னும் ஒரு சொட்டு மஞ்ச போடுங்க லா பாய்!" 12.20க்கு நிறம் பொருந்தியது. கால் லிட்டர், இருபத்தெட்டு வெள்ளி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தங்கச்சிக்கு நல்ல கண்ணு," என்ற பாய், என்னைப் பார்த்து, "கால் லிட்டர்னா சின்ன இடம்தான். எப்படிப்பா பேந்துச்சு?" என்றார்.

பொய் வாய் வரைக்கும் வந்தது. வசந்தா என் முகத்தையே பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பாஸுக்குத் தெரியுமா?" என்றாள் வசந்தா.

"பூசிட்டா யாருக்கும் தெரியாது. நீகூட தையல் பிரிஞ்ச எடத்துல பூ வேல போட்டு மறைக்கிறதில்ல?"

"ரவிக்கை கிழிஞ்சா மானந்தான் போகும். இதுல ஆளு பறக்குதுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பாய் கடைப் போனிலேயே பாஸை அழைத்தேன். வாயில் வந்தபடி திட்டினார். ஞாயிறு காலை இருவரும் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தோம். வால் சிறகுத் தகட்டைப் பிணைக்கும் ஆணியின் ஓரத்திலிருந்து கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல், தலைமுடி மாதிரி. திங்கட்கிழமை விமானம் பறக்கவில்லை. அந்த மாணவியிடம் காரணத்தை நானே சொன்னேன். வேலை போகவில்லை, ஒரு மாதம் தரை கழுவினேன்.

நிறம் தேடிப் போகிறவர்களுக்கு: வெயில் நன்றாக ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் போங்கள், வெயில் பட்ட துண்டை எடுத்துப் போங்கள், கடைக்கு வெளியே வைத்துப் பாருங்கள். விமானம் என்றால் எந்த வகைப் பெயிண்ட் என்று முதலில் எஞ்சினியரைக் கேளுங்கள். பெயர்ந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேய்த்துப் பார்க்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.

தகட்டை மாற்றிய பிறகு, பாஸ் சம்மதத்தோடு அதே பெயிண்டைத்தான் பூசினேன். பாஸும் நானும் உச்சிவெயிலில் நின்று தேடினோம். பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. விரிசலுக்கு மேலேயே பூசியிருந்தாலும் இப்படித்தான் பொருந்தியிருக்கும்.