சிவப்புக்குப் பின் வந்த வெள்ளை

என் அக்காவைக் கொன்றது நீங்கள்தான், மாமா. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், அவளுக்குத் தாலி கட்டியவர் என்பதால் யாரும் இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

அக்கா வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யுங்கள் என்று வாலாஜாபாத் டாக்டரம்மா சொல்லிவிட்டார். நம் ஊர் சேரப்பணஞ்சேரி அம்மன் கோயில் வாசலில் வாடகைக் காரை நிறுத்தி, பூக்கேட்டுவிட்டுப் போகலாம் என்றீர்கள். ஊர் வழக்கம்தான். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை என்றால் கூடாது. நீங்கள் அதற்கு அணுவைத் துணைக்கு அழைத்தீர்கள். எந்த அணு எப்போது உடையும் என்று விஞ்ஞானத்தாலும் சொல்ல முடியாது, எந்த விதியையும் மீறாமல் சாமி கைவைக்கும் இடம் அதுதான் என்றீர்கள். காருக்குள் சாய்ந்திருந்த அக்கா சிரித்தாள். "என் வலி உங்க அணுவுக்கு இன்னா தெரியும்? சீக்கிரம் கேட்டுகினு வாங்க."

சிவப்பு வந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"ஒரு தடவை வந்தா அது சோதனையே இல்ல. திருப்பி எடுங்க" என்றீர்கள்.

"ஆத்தா சொல்ட்டா சார். மறுபடி கேக்கக் கூடாது" என்றார் பூசாரி.

நீங்கள் விடவில்லை. வெள்ளை வந்தது. மறுபடியும் வெள்ளை. இலையை மாற்றி, நீங்களே கலைத்துப் போட்டு, பத்துத் தடவைக்கு மேல் எடுத்தும் வெள்ளை. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். நீங்கள் மட்டும் பரீட்சையில் தேறியவர் போல நின்றீர்கள். பூசாரி கடைசி இலையைக் கீழே போட்டார்.

"இத எடுக்கிறது ஆத்தா இல்ல சார்."

"பின்ன யாரு?"

அவர் நடையைச் சாத்தினார். கார் வீட்டுக்குத் திரும்பியது. "வண்டி கெளம்புச்சே, ஏன் நிறுத்துனாங்க?" என்று அக்கா வழியெல்லாம் என்னைக் கேட்டாள். மறுநாள் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இப்போது ஊர் ஊராக 'அணுவுக்குள் ஆண்டவன்' என்று பேசுகிறீர்கள். போன மாதம் வாலாஜாபாத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கோடி அணுக்களின் மொத்தம் கணக்குக்குக் கட்டுப்படும், யாரும் கணிக்க முடியாத அந்த ஒற்றை நிகழ்வில்தான் ஆண்டவனுக்கு இடம் என்றீர்கள். கை தட்டினார்கள். அப்படியானால் அந்த ஒற்றைச் சிவப்பு உங்களுக்கு ஏன் போதவில்லை? வரிசையாக வந்த வெள்ளை எந்தக் கணக்கிலும் சேராதே. உங்கள் பிடிவாதத்துக்கு ஏதோ ஒன்று இசைந்துகொடுத்தது.

வீட்டுக்குள் வந்து சமாதானம் பேச வேண்டாம். அடுத்த கூட்டத்தில், மைக் முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: முதலில் ஆத்தா சொன்னதை ஏன் நம்பவில்லை? அதற்குப் பிறகு உங்களிடம் பேசியது யார்?