வெள்ளிக்கிழமைப் பொட்டும் மீட்டர் போர்ட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். அது மூடப்பட்ட அன்று, இனி யாரிடமும் போய் வேலை கேட்டு நிற்பதில்லை என்று முடிவெடுத்து, ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த ஒரு வேனை வாங்கிப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினேன். நான் இருப்பது வெள்ளவத்தையில். காலையில் கொட்டாஞ்சேனைக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் வெறும் வேனுடன் போய், பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைப் பாடசாலைகளுக்குத் திரும்பி வருவேன். பொம்பிளை ஓட்டுகிற வேன் என்று முதலில் தயங்கியவர்களே பிறகு அதற்காகவே பிள்ளைகளை அனுப்பினார்கள்.

வேனை வாங்கிய கையோடு நேரே ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குத்தான் கொண்டுபோனேன். ஐயர் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் சந்தனம் பூசி, கடைசியாக, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகத்தைக் காட்டும் மீட்டர் போர்ட்டின் கண்ணாடியிலும் வலது பக்கக் கீழ் மூலையில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார். அந்தப் பொட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளிதோறும் குளித்துவிட்டு வந்து அதன் மேலேயே புதுச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முன் கண்ணாடியைத் துடைப்பேன், கதவுகளைக் கழுவுவேன், அந்தப் பொட்டை மட்டும் துடைக்க மனம் வராது. மூன்று வருடத்தில் அது காய்ந்து தடித்து, ஒரு சிறிய வடை அளவுக்கு வந்திருந்தது.

ஜிந்துப்பிட்டியில் முதலாவதாக ஏறும் பிள்ளை எட்டு வயதுச் சிறுமி. பின் இருக்கையில் இருந்தால் வாந்தி எடுப்பாள் என்பதால் எனக்குப் பக்கத்தில் இடது இருக்கையில் இருப்பாள். ஏறின நேரம் தொடக்கம் இறங்கும் வரை அவளுடைய வாய் ஓயாது. கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசிப்பாள், பஸ்களை எண்ணுவாள், நேற்றுச் சொன்ன கதையை இன்றைக்கும் சொல்வாள். ஒரு புதன்கிழமை காலையில், வாகனங்கள் நெருங்கி நின்ற ஓரிடத்தில், அவள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"ஆன்ட்டி, பொட்டு மினுங்குது."

"ஓம், முருகன் எங்களைப் பாக்கிறார். நீ வாயை மூடிக்கொண்டு நேரா இரு" என்றேன். முன்னால் ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே வந்துகொண்டிருந்தது. எனக்கு அவளுடைய பேச்சைக் கேட்க நேரமில்லை.

கொள்ளுப்பிட்டியை அடையும்போது என் இருக்கைக்குக் கீழிருந்து சூடு ஏறியது. இந்த வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில்தான் இருக்கும். வெயிலின் சூடு என்று நினைத்தேன். பக்கத்தில் வந்த பஸ் நடத்துநர் சிங்களத்தில் சத்தம்போட்டுக் கையைக் காட்டிய பிறகுதான் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புவது தெரிந்தது. வேனை ஓரங்கட்டி, பதினொரு பிள்ளைகளையும் இறக்கி ஒரு கடை வாசலில் நிறுத்தித் தலைகளை இரண்டு தரம் எண்ணினேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த இரண்டு வேன்காரர்கள் பிள்ளைகளைப் பங்கிட்டு ஏற்றிப்போனார்கள்.

வேனைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்துத் தண்ணீர் ஒழுகிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் போயிருக்கும் என்றார். தன் கருவியைச் செருகி எஞ்சினின் கம்ப்யூட்டரையும் படித்தார். அளவுக்கு மீறிச் சூடானது அதில் பதிவாகியிருந்தது. பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்திருக்குமே, ஏன் நிறுத்தாமல் ஓடினீர்கள் என்று கேட்டார்.

எந்த விளக்கும் எரியவில்லை என்று அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் விற்றவன் விளக்கைக் கழற்றியிருப்பான், பழைய வாகனம் விற்கிறவர்களில் சிலர் குறையை மறைக்க அப்படிச் செய்வதுண்டு என்றார் அவர். எனக்கு அது போதும். வேனை விற்ற ஆளின் சிரித்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லாத வாகனம் என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

அதற்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு தகப்பன் நேரடியாகவே கேட்டார், இனி எந்த நம்பிக்கையில் பிள்ளையை ஏற்றிவிடுவது என்று. கோபத்தில் பதில் எழுதினேன். வேனை விற்றவர் எச்சரிக்கை விளக்கைக் கழற்றி ஏமாற்றியிருக்கிறார், திங்கட்கிழமைக்கு முன் ஆதாரத்துடன் காட்டுவேன், காட்டாவிட்டால் பிள்ளைகளை வேறு வேனில் விடுங்கள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். அந்தப் பதினொரு இருக்கைகளும் வெறுமையானால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

விளக்கு எங்கே போயிற்று என்று கேட்கவேண்டுமென்றால், அது எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வியாழக்கிழமை முழுவதும் அதைத்தான் படித்தேன். படிக்கப் படிக்க, மூன்று வருடமாக எதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்பது விளங்கியது. முன்னைய வாகனங்களில் சில்லு சுற்றுவதை ஒரு கம்பிக் கேபிள் முறுகி முறுகி வேகமுள் வரை கொண்டுவந்தது. இப்போது முள்ளுக்கும் சில்லுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் ஒரு சென்சர் தலையை நுழைத்துக்கொண்டு இருக்கிறது. சூடு ஏற ஏற மின்சாரத்தை அது தடுப்பது குறைகிறது. அந்தக் குறைவை எஞ்சினின் கம்ப்யூட்டர் சூட்டுக் கணக்காக மாற்றி, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகச் செய்தியாக அனுப்புகிறது. மீட்டர் போர்ட்டுக்குள் இருக்கும் இன்னொரு சின்ன கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை வாசித்து, எந்த முள்ளை எவ்வளவு நகர்த்துவது, எந்த விளக்கை ஏற்றுவது என்று முடிவெடுக்கிறது. பெட்ரோல் முள் மேடு பள்ளத்தில் ஆடாமல் நிற்பதுகூட அது செய்யும் வேலைதான். தாங்கிக்குள் மிதவை எவ்வளவு குலுங்கினாலும், சற்றுப் பொறுத்துச் சராசரி பார்த்துத்தான் முள்ளை இறக்குகிறது. என்னைவிடப் பொறுமைசாலி.

என் வேனில் சூட்டுக்கு முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடானால் அதே இடத்தில் சிவப்பு விளக்கும் வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்க முன், எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில விநாடி எரிந்து தாம் உயிரோடு இருப்பதைக் காட்டுமாம். நான் ஒருநாளும் அந்தச் சில விநாடி காத்திருந்தவள் அல்ல, ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்துவிடுவேன். ஆனாலும் அப்படியொரு நீல விளக்கை மூன்று வருடத்தில் ஒரு காலையில்கூடக் கண்டதில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

வெள்ளிக்கிழமை கராஜில் வைத்து மீட்டர் போர்ட்டை நானே கழற்றினேன். மெக்கானிக் சொல்லச் சொல்ல, மேல் மூடியை நெம்பி, ஆணிகளைத் திருகி எடுத்து, பின்னால் இருந்த ஒரே ஒரு வயர்ச் செருகியை அழுத்திப் பிடுங்கினேன். இத்தனையையும் காட்டும் பொருள் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பாரமில்லை. அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே மீட்டர் போர்ட் மட்டுமே திருத்தும் ஒருவர் ஒரு ஒடுங்கிய கடையில் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும், முஸ்லிம். எல்லோரையும் போல நானும் அவரை நானா என்றுதான் அழைத்தேன்.

நடந்ததை எல்லாம் சொல்லி, விற்றவர் விளக்கைக் கழற்றியதை நீங்கள் எழுத்தில் தரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் துவாயைப் பிரித்து முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கவனமாகக் குப்புறத் திருப்பி, பின் மூடியைத் திறந்தார். பச்சைப் பலகையில் முள்களுக்குப் பின்னால் நெருப்புப்பெட்டி அளவில் மோட்டார்கள் இருந்தன, ஒவ்வொன்றும் சின்னச் சின்ன எட்டு வைத்து முள்ளை நகர்த்தும் என்றார். விளக்குகள் என்று நான் நினைத்தவை அரிசிமணி அளவு. பூதக்கண்ணாடியைக் கொடுத்து, எண்ணிப் பாருங்கள் என்றார். எல்லாம் இருந்தன. ஒன்றையும் யாரும் கழற்றியிருக்கவில்லை.

விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இருந்தால் போதுமா, எரியவேண்டாமா என்றேன். அவர் மறுக்காமல் மீட்டர் போர்ட்டை நிமிர்த்தி வைத்து மின்சாரம் கொடுத்தார். எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் பதிலாகச் செய்தி அனுப்பும் ஒரு சிறிய பெட்டியையும் செருகினார். முள்கள் துடித்து, பூச்சியத்தைத் தேடிப் பிடித்து நின்றன. அவர் ஒரு குமிழைத் திருப்ப, மேசை மேல் அசையாமல் கிடந்த என் மீட்டர் போர்ட் எண்பதில் ஓடியது. பிறகு சூட்டுக்கான குமிழைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றினார். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"பாத்தீங்களே நானா? எரியயில்லை."

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். "இடது பக்கமா வந்து சாஞ்சி பாருங்க அக்கா."

போய்ச் சாய்ந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்துக்கும் உள்ளே இருந்த பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில், பொட்டின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு அணைந்து அணைந்து எரிந்தது. பொட்டுத்தான் மினுங்குகிறது என்று யாரும் சொல்வார்கள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சிறுமி இருந்த இடத்திலிருந்து அவள் பார்த்தது இதைத்தான்.

"கண்ட ஒடனயே வெளங்கிச்சு" என்றார் நானா. "ஆனா தொறந்து காட்டாமச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இதுல நான் கை வெக்கல்ல, இது ஒங்கட சாமி விசயம். நீங்களே தொடச்சி எடுங்க."

ஈரத் துணி கேட்டு வாங்கித் துடைத்தேன். மூன்று வருட வெள்ளிக்கிழமைகள் சுலபத்தில் போகவில்லை, நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. கீழே சிவப்பு விளக்கு தெளிவாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் சூட்டைக் குறைக்க அது அணைந்தது, இன்னும் குறைக்க அதே இடத்தில் நீலம் வந்தது. அவ்வளவு அழகான நீலம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கெட்ட யோசனை ஒன்று வந்ததை மறைக்கப்போவதில்லை. விளக்கில் பழுது இருந்தது, திருத்தியாயிற்று என்று ஒரே வரி எழுதினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. விற்றவர் கள்ளனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கொள்ளுப்பிட்டி வரை அந்த வரியை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். பிள்ளைகளை இறக்கி நிறுத்திய கடை வாசலை பஸ் கடந்தபோது கைபேசியை எடுத்து உள்ளதை எழுதினேன். விளக்கு சரியாகத்தான் இருந்தது, நான் வைத்த பொட்டு அதை மறைத்துவிட்டது, ஒரு பிள்ளை கண்டு சொல்லியும் நான் காது கொடுக்கவில்லை, விற்றவரில் எந்தப் பிழையும் இல்லை. அனுப்பிவிட்டு, அவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலைக்குள் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு வலித்தது. ஆனாலும் மிஞ்சிய ஏழு பேருக்காகத் திங்கட்கிழமை வேன் ஓடத்தான் வேண்டும். புது ஹோஸ் போட்டு, மீட்டர் போர்ட்டைத் திரும்பப் பொருத்தி, பொட்டை இம்முறை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தேன். முருகன் ஆட்சேபிக்கவில்லை.

ஜிந்துப்பிட்டி ஒழுங்கையில் சிறுமி வருவாளா என்று தெரியாமல் காத்திருந்தேன். தாய் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை கைகளை மடியில் கட்டிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி இருந்தாள். கடைப் பலகை ஒன்றையும் வாசிக்கவில்லை. நான் எஞ்சினை அணைத்தேன்.

"நீ அண்டைக்கு மினுங்குது எண்டு சொன்னாய். பிறகும் மினுங்கினதோ?"

"ஓம் ஆன்ட்டி. கொள்ளுப்பிட்டி வரைக்கும் மினுங்கிச்சு."

"பிறகு ஏன் சொல்லயில்லை?"

"நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் சொன்னது பிழை, இனி நான் வாயை மூடு என்று சொன்னாலும் நீ கண்டதைச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் அதற்கு முந்தைய நிலையில் நிறுத்தினேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. அவள் என் பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றாக விரலை நீட்டி எண்ணினாள். சிவப்பு வந்து போனது, நீலமும் வந்து போனது.

"எல்லாம் இருக்கு ஆன்ட்டி. இப்ப போகலாம்" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன்.