ஊறுகாய் போடாத கிண்ணம்

டாக்சி ஓட்டும் தோமியேவுக்கு யாரையும் எளிதில் நம்பும் பழக்கம் கிடையாது. மெக்கானிக் சரிபார்த்துக் கொடுத்த பிரேக்கை, அவன் கண்ணெதிரிலேயே குனிந்து தானும் ஒருமுறை பார்ப்பார். பின்சீட்டில் பயணி தூங்கினால், இமை அசைகிறதா என்று கண்ணாடியில் கவனிப்பார். ஜப்பானின் குருமே நகரத்தில் இருபத்தாறு வருடம் தனியாக வண்டி ஓட்டிய பெண்ணுக்கு அந்தக் குணம்தான் சோறு போட்டது.

மதியச் சாப்பாடு ஹரானோவின் ராமென் நூடுல்ஸ் கடையில். அடுப்புக்கு நேரெதிர் இருக்கை. பன்றியெலும்புச் சாறு கொதிக்கும் அண்டாவை முப்பத்தெட்டு வருடமாக யாரும் அடிவரை காலி செய்ததில்லை. நேற்றைய சாற்றின் மேல் இன்றைய சாறு. அந்தப் பழசுதான் கடையின் உயிர். ஜனவரியில் ஹரானோவுக்கு மூட்டுவலி வந்ததும் அண்டா நேபாளத்துக்காரர் கேசரின் கைக்குப் போனது.

ஏப்ரலில் பேச்சு கிளம்பியது. சாறு சப்பென்று இருக்கிறதாம். ஆரம்பித்தவர் குழாய் வேலை செய்யும் கோகா.

"அக்கா, உனக்கு விஷயமே தெரியாதா? அந்த ஆளு அண்டாவை அடியோட கழுவிட்டான். பின்வாசல்ல பெரிய பாத்திரத்தைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தான், நானே பாத்தேன்."

"எந்தப் பாத்திரம்?"

"பெரிய பாத்திரம்னா பெரிய பாத்திரம்தான். அவனுக்கு நம்ம ருசி என்ன தெரியும்?"

தோமியேவும் உறிஞ்சிப் பார்த்தார். ஆமாம், என்னவோ குறைந்தது. அன்றிலிருந்து கேசர் கரண்டியைத் தூக்கினாலும் அவர் பார்வை கூடவே போனது. "முதலாளி, அண்டா மேல ஒரு கண்ணு வைங்க" என்று ஹரானோவின் காதிலும் போட்டுவைத்தார்.

அடுத்த வாரமே, இந்த மாதத்தோடு போதும் என்று கேசரிடம் சொல்லிவிட்டார் ஹரானோ. விசா விதிப்படி, மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கேசர் நாட்டைவிட்டே போக வேண்டும். "நான் கழுவலைங்க" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. விசாரணை கிடையாது, சாட்சிக்குக் குறுக்குக் கேள்வி கிடையாது, தீர்ப்பு மட்டும் சுடச்சுட வந்தது.

அந்தச் சமயத்தில் தோமியேவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். காரம் கூடாது என்றார் பல் டாக்டர். ஹரானோ கடையில் எல்லோரும் மேசையில் இருக்கும் கடுகுக்கீரை ஊறுகாயை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கிண்ணத்தில் வாய் வைப்பார்கள். தோமியே அன்றுதான் அது இல்லாமல் குடித்தார். சாறு உதட்டில் பசையாக ஒட்டியது. அதே கனம், அதே மணம்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஓர் ஊறுகாய் இலையை நுனிநாக்கில் வைத்தார். காரம் இருந்தது. உப்பு இல்லை.

"முதலாளி, இந்த ஊறுகாய் யாரு போடறது?"

"வீட்டுக்காரிதான். எனக்கு பிரஷர்னு உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. அவ கடைக்கும் சேத்துக் குறைச்சுட்டா."

"எப்பலேருந்து?"

"மார்ச் கடைசி இருக்கும்."

கேசர் வந்தது ஜனவரியில். மூன்று மாதம் எல்லோரும் சொட்டு விடாமல் குடித்திருக்கிறார்கள்.

மறுநாள் கோகா வருவதற்கு முன் அவர் மேசை ஊறுகாயில் ஒரு பிடி உப்பைக் கலந்துவைத்தார் தோமியே. கோகா வந்தார், அள்ளிப் போட்டார், உறிஞ்சினார்.

"ஆகா! இதுதான்யா நம்ம ஊர் ருசி! இன்னிக்கு அண்டாவை முதலாளியே பாத்துக்கிட்டாரு போல."

"அண்டாவைப் பாத்தது கேசர். ஊறுகாயில உப்பு போட்டது நான்."

கோகாவின் குச்சிகள் பாதியில் நின்றன. "அப்ப அந்தப் பாத்திரம்?"

"எலும்பு கழுவற பாத்திரங்க. தினமும்தான் தேய்க்கிறேன்" என்றார் கேசர்.

"இருந்தாலும்…"

"என்னய்யா இருந்தாலும்?"

கோகா நூடுல்ஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோமியே எழுந்து நின்றார். "நானும்தான் வாய் விட்டேன், கேசர். தப்பு என்னோடதும்தான்."

ஹரானோ தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அவரு இருக்கட்டும்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவருகிட்ட சொல்லுங்க."

ஹரானோ தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கேசர் முன் குனிந்து வணங்கினார். "தொடர்ந்து வா. நான் அவசரப்பட்டுட்டேன்."

கேசர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எழுதித் தருவீங்களா?"

தோமியே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து ஹரானோவிடம் நீட்டினார். கையெழுத்தின் கடைசிக் கோடு விழும்வரை, அவரும் கேசரும் அந்தத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.