மொட்டை மாடியில் காய்ந்த ரப்பர்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியின் லேபில் சேர்ந்தேன். ரப்பரை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, அது எத்தனை நாளில் கெட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சேக்காட்டில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "கெட்டுப்போறத வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று பக்கத்து வீட்டு மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற கர்வம் வேறு.

அப்பா கெடு வைத்திருந்தார். ஒரு வருடத்துக்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லையென்றால் நின்றுவிட்டு, அவர் பார்த்து வைத்திருக்கும் வரனுக்குத் தலையாட்ட வேண்டும். மேனேஜரோ, "இந்த டெஸ்ட்ட ஒழுங்கா முடிம்மா, அப்புறம் நிரந்தரத்தப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, என் தலையெழுத்து மொத்தமும் கம்பெனியின் மொட்டை மாடியில் கிடந்தது.

பஸ் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டைக்காக ஒரு புதுக் கலவை செய்திருந்தோம். அந்தப் பட்டைகளை வளைத்து, நாலு மரச்சட்டங்களில் கிளிப் போட்டு மாட்டி, தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். தை மாதம் தொடங்கி ஒன்பது மாதம். மாதா மாதம் பூதக்கண்ணாடியால் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாடியையும் லேபையும் பெருக்க மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிபன் பாக்ஸில் சோறு மிச்சம் வைத்தால் என்னைத் திட்டுவார். வெள்ளிக்கிழமையானால் தன் தலையிலிருந்து அரை முழம் மல்லியைக் கிள்ளித் தருவார். நான் ஐந்து மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவேன். அவர் ஏழு வரை இருந்துவிட்டு, காலையில் எனக்கு முன்பே வந்துவிடுவார். அவரிடம் சட்டங்களைக் காட்டி, "பத்திரமா பாத்துக்கங்க அக்கா, என் வேலையே இதுலதான் இருக்கு" என்று சொல்லியிருந்தேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது மாதமும் ஒரு கீறல்கூட விழவில்லை. பட்டைகள் அச்சிலிருந்து எடுத்த அன்று எப்படியோ அப்படியே இருந்தன. மேனேஜர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ரிப்போர்ட்டை டைப் அடித்து, அவர் கையெழுத்துக்காக மேஜையில் வைத்தாயிற்று.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் பகலில் நான் பார்த்த முதல் பெருமழை. என் ரப்பர் கம்பீரமாக நனைவதைப் பார்க்கலாமென்று மாடிக்கு ஓடினேன். சட்டங்களைக் காணவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மூன்று சட்டங்கள் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நாலாவதை முந்தானையால் போர்த்திக்கொண்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்தபடி, அக்கா வந்துகொண்டிருந்தார்.

"என்ன அக்கா செய்றீங்க?"

"மழை வந்துகினு கீது, பாக்கலியா? கொஞ்சம் அந்தாண்ட நகரு."

"எப்பலேந்து இப்படி எடுத்து வைக்கிறீங்க?"

"நீ போட்ட நாள்லேந்துதான். சாயங்காலமானா உள்ள வெச்சிருவேன், பனி படும்ல. காலைல எடுத்துப் போட்ருவேன். ஒரு பக்கமே காஞ்சிகினு இருந்தா எப்படின்னு அப்பப்போ திருப்பியும் உடுவேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கத்தினேன். மழையில் போடத்தான் மாடியில் வைத்தேன் என்றும், ஒன்பது மாதத்தை மண்ணாக்கிவிட்டீர்கள் என்றும், இன்னும் என்னென்னவோ. அக்கா சட்டத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார்.

"காயப்போட்டத மழைல உட்டுட்டு யாராவது பாத்துகினு நிப்பாங்களா?" என்றார். "உன் வேலையே இதுலதான் கீதுன்னு நீதானேமா சொன்ன?"

மழை விடும்வரை இருவரும் தொட்டிக்கு அடியிலேயே நின்றோம். நான் பேசாமல் இருந்தால் ரிப்போர்ட் போய்விடும், வேலை நிரந்தரமாகிவிடும், அக்காவும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒழுகும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதிப் பாவாடை நனைந்து கல்லூரிக்குப் போனவள் நான். அந்தக் கண்ணாடியைச் சுற்றி என் ரப்பரைப் போட்டு, அது வெடித்து, இன்னொருத்தி நனைவாளே என்று தோன்றியது. கீழே இறங்கி நேரே மேனேஜரிடம் போனேன். "பெருக்கறவங்க மேல தப்பில்ல சார். மழைல நனையணும்னு நான்தான் சொல்லல."

அவர் ரிப்போர்ட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "முதல்லேந்து போடும்மா" என்றார், அவ்வளவுதான். அப்பா குதித்தார். அம்மா நடுவில் புகுந்து, அடுத்த ஆடி வரை தவணை வாங்கிக் கொடுத்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் நிரந்தரமாகவில்லையென்றால் கல்யாணம்.

ஐப்பசி பிறக்கும்போது புதுப் பட்டைகளை மாட்டினேன். இந்தமுறை அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா கீற பொருள கெடுக்கறதுக்கு ஒரு படிப்பு" என்றார். மழை வந்தால் பார்க்கச் சகிக்காமல் கீழே இறங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். நம்பிவிட்டதால் நானும் மழையில் மேலே போகவில்லை.

மாசியில் பூதக்கண்ணாடியைப் பிடித்தபோது மூன்று சட்டங்களில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. நாலாவதில் ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் அக்காவைப் பார்த்தேன். அவர் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நனையட்டும்னு உட்டுட்டேன்மா, சாமி சத்தியமா. உனக்கு ஒண்ணாவது உருப்படியா கெடக்கட்டும்னு, மழை வந்தாலும் ராவானாலும் அத மட்டும் உள்ள தூக்கி வெச்சேன். வெயில்ல போட்டுகினுதான் இருந்தேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. ரப்பரும் தோற்றுவிட்டது, டெஸ்டும் பாழ். வேறு வழியில்லாமல் நாலு சட்டத்தையும் மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் நாலாவதைக் கையில் எடுத்தார். "இதுக்கும் அதே வெயில்தானே?"

"ஆமா சார். மழை மட்டும் படல."

வெகுநேரம் வளைத்து வளைத்துப் பார்த்தார். ரப்பரைக் காக்க ஒரு மெழுகு சேர்ப்போம். அது மெல்ல மேலே வந்து தோல்போலப் படியும். "மழை அதக் கழுவிக் கொண்டுபோயிருக்கு. அப்புறம்தான் வெடிச்சிருக்கு. கலவை நல்ல கலவைதாம்மா, மெழுகுதான் சரியில்ல." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ண மட்டும் நனையாம வெக்கறது யார் யோசனை?"

அக்கா பெயரைச் சொன்னேன். அவரை வரவழைத்து, "நல்ல காரியம் பண்ணே" என்றார். என்ன காரியம் என்று அக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மெழுகை மாற்றிப் புதுப் பட்டைகள் போட்டோம். மழை இல்லாத மாதங்கள் என்பதால் தினமும் இரண்டு வேளை வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். ஊற்றியது அக்காதான். ஒவ்வொரு சொம்புக்கும் உச்சுக்கொட்டிக்கொண்டே ஊற்றுவார். பட்டைகள் வெடிக்கவில்லை.

ஆடிக் கடைசியில், ஒரு சாயங்காலம், நிரந்தர ஆர்டர் என் கைக்கு வந்தது. அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டுமென்று மாடிக்கு ஓடினேன். வானம் ஆவடிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா சட்டங்களுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். காகிதத்தைக் காட்டி, டெஸ்ட் முடிந்துவிட்டது, வேலை நிரந்தரம் என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் விழுந்தது.

"அப்ப எடுத்துரட்டாமா?"

"எடுங்க அக்கா" என்றேன். அவர் இரண்டும் நான் இரண்டுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.